பேரரசரின் கைக்குத் தப்பிய மலை

வரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் ஹுவாங் கோங்வாங். மேலதிகாரி சிக்கிய வழக்கில் இவரும் சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் உத்தியோகத்தைத் தலைமுழுகிவிட்டு, தாவோ மதத்தின் சுவான்ஜென் பிரிவில் சேர்ந்து, குறி சொல்லிப் பிழைத்தார். மங்கோலியர் சீனத்தை ஆண்ட காலம் அது.

1347-இல், 78 வயதில், ஃபூசுன் மலைகளை ஒரு நெடுஞ்சுருளில் தீட்டத் தொடங்கினார். வரைந்தது வூயோங் என்ற சக தாவோ அன்பருக்காக. மூன்று வருடம் கழிந்தும் படம் முடியவில்லை. யாராவது பறித்துக்கொள்வார்களோ என்று பயந்த வூயோங், சுருளின் கடைசியில் தன் பெயரை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டார்!

சுருளின் உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு; நீளம் ஆறு மீட்டருக்கு மேல். மலைச்சரிவெல்லாம் சணல் நாரைப் பிரித்துப் போட்டதுபோல நீண்ட, உலர்ந்த கோடுகள். ஆறு எங்கே என்று தேடினால், மை படாத காகிதம்தான் ஆறு. சொல்லில் அடங்காததைச் சொல்லாமல் விடும் தாவோ மனம் அது என்பார்கள். இருக்கலாம். எழுபது வயதைத் தாண்டிய கையின் சிக்கனமும் அதில் உண்டு என்பேன். ஓவிய வாத்தியாராக இருந்த எனக்குத் தெரியும், தாளில் வெள்ளையைக் கண்டால் யாருக்கும் கை அரிக்கும்.

1650 வாக்கில் இந்தச் சுருளின் உரிமையாளர் வூ ஹோங்யூ, சாகும் தறுவாயில், படத்தைத் தன்னோடு அனுப்பச் சொல்லி நெருப்பில் போடவைத்தார். அவருடைய சகோதரர் மகன் பாய்ந்து வேறொரு சுருளை உள்ளே தள்ளி இதை இழுத்துவிட்டார். அதற்குள் படம் இரண்டாகிவிட்டது.

அடுத்து வந்தவர் சியென்லோங் பேரரசர். 1745-இல் அவரிடம் ஒரு 'ஃபூசுன்' வந்து சேர்ந்தது. மயங்கிப்போனார். எடுத்தெடுத்துப் பார்த்து, வெற்றிடமெல்லாம் 50-க்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதித் தள்ளினார். மறுவருடம் அசல் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் போலி என்று தீர்ப்பளித்து, அமைச்சர் லியாங் ஷிஜெங்கை விட்டு அதிலேயே அப்படி எழுதவைத்தார். அரசரின் வாயில் வந்த பிறகு யார் மறுத்துப் பேசுவது? இப்படியாக, மெச்சப்பட்ட போலியில் வானம் முழுக்க எழுத்து. பழிக்கப்பட்ட அசலில் ஆறு ஆறாகவே இருந்தது.

நெருப்பில் பிரிந்த சிறுதுண்டு, அரை மீட்டர்தான், இன்று ஹாங்சோவில் இருக்கிறது, பெருந்துண்டு தைப்பே அருங்காட்சியகத்தில். 2011-இல் இரண்டையும் தைப்பேயில் ஒன்றாக வைத்துக் காட்டினார்கள். பேரரசர் கொண்டாடிய போலிச் சுருளும் அதே அருங்காட்சியகத்தின் சொத்துதான்.