பயிர் வளர்ச்சியும் நேர்கோடும்

ஒரு செடியின் வளர்ச்சியை நேர்கோட்டுச் சமன்பாட்டில் எழுத இரண்டு எண்கள் போதும். ஒன்று தொடக்க அளவு. மற்றொன்று சாய்வு, அதாவது நாளொன்றுக்குக் கூடும் அளவு. 10 செ.மீ. உயரமுள்ள நாற்று நாளுக்கு 2 செ.மீ. வளர்ந்தால் ஏழு நாளில் 24 செ.மீ. ஆகிவிடும். ஆனால் வயலில் இந்தக் கணக்கு நெடுநாள் நிற்பதில்லை. குளிர்ந்த வாரத்தில் செடி பின்தங்குகிறது. வெயில் ஏறியதும் முந்திக்கொள்கிறது. பயிர் வளர்ச்சியை முன்கூட்டிச் சொல்ல முயன்றவர்களின் வரலாறு, பெரும்பாலும், கிடையச்சில் எதை வைப்பது என்ற கேள்வியின் வரலாறுதான்.

வளர்ச்சியை அளவுகோல் கொண்டு பார்த்த முன்னோடிகளில் ஒருவர் இங்கிலாந்தின் டெடிங்டன் ஊர்ப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். கால் அங்குல இடைவெளியில் ஊசிமுனைகள் பதித்த குச்சியை ஈயச் செந்தூரத்தில் தோய்த்து, திராட்சையின் இளந்தண்டில் புள்ளி குத்தி, பின்னர் அவை எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்தார். அந்த அளவுகள் 1727இல் வெளிவந்த அவருடைய ‘வெஜிடபிள் ஸ்டாட்டிக்ஸ்’ நூலில் உள்ளன.

நாள்காட்டியை விட்டு விலகும் துணிவு பிரான்சில் பிறந்தது. தம் பெயரில் ஒரு வெப்பமானியையே உருவாக்கிய ரெயோமூர், 1735இல் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அளித்த கட்டுரையில் ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்தையும் கூட்டிப் பார்த்தார். குளிர்ச்சியான ஆண்டில் அந்தக் கூட்டுத்தொகை மெல்ல ஏறுகிறது, அறுவடையும் தள்ளிப்போகிறது. ஆகவே, கதிர் முற்ற இத்தனை நாள் என்பதைவிட இத்தனை வெப்பம் என்பதே பொருந்தும் என்று கருதினார். ஜெனிவாவின் தாவரவியலாளர் அல்போன்ஸ் டி கண்டோல் 1855இல் இதைத் திருத்தினார். குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் கீழே உள்ள வெப்பம் செடிக்குப் பயன்படாது. அதைக் கழித்த பின்பே கூட்ட வேண்டும். அந்த அளவும் இனத்துக்கு இனம் வேறுபடும்.

இந்த இடத்தில்தான் நேர்கோடு வலுவாகக் காலூன்றுகிறது. ஒரு விதை 20 டிகிரி செல்சியசில் 10 நாளிலும், 30 டிகிரியில் 5 நாளிலும் முளைப்பதாகக் கொள்ளலாம். நாட்களை அப்படியே வரைந்தால் கிடைப்பது வளைகோடு. நாளொன்றுக்கு முடியும் பங்கை, அதாவது 1/10, 1/5 என்பவற்றை வரைந்தால் கோடு நிமிர்கிறது. அதைக் கீழ்நோக்கி நீட்டினால் 10 டிகிரியில் கிடையச்சை வெட்டும். அதுவே அடிப்படை வெப்பநிலை. சாய்வின் தலைகீழ் மதிப்பு 100. விதைக்கு வேண்டிய டிகிரி நாட்கள், அதாவது அடிப்படைக்கு மேல் நாள்தோறும் சேரும் டிகிரிகளின் கூட்டுத்தொகை, அவ்வளவு. 25 டிகிரியில் நாளுக்கு 15 டிகிரி சேர்வதால், ஏழாம் நாளில் முளை எதிர்பார்க்கலாம்.

20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பட்டாணிப் பதன ஆலைகள் இந்தக் கணக்கைத் தொழிலாகவே மாற்றின. பச்சைப் பட்டாணி மென்மையாக இருப்பது மிகச் சில நாட்களே. எல்லா வயலும் ஒரே வாரத்தில் முற்றினால் ஆலை திணறும். வசந்தத்தில் ஐந்து நாள் இடைவெளி விட்டு விதைத்தாலும், கோடைச் சூட்டில் அறுவடைக்கு ஐந்து நாள் இடைவெளி கிடைப்பதில்லை. அதனால் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டை அடிப்படையாக வைத்து வெப்ப அலகுகளைக் கூட்டினார்கள். அறுவடைக் காலத்தில் ஒரு நாளில் சேரும் அலகுகள், குளிர்ந்த வசந்தத்தில் சேர்ந்து முடியும்வரை அடுத்த வயலை விதைக்காமல் காத்திருந்தார்கள். நாள்காட்டியால் தர முடியாத ஒழுங்கு இது.

கோட்டுக்கு எல்லைகளும் உண்டு. பயிர் ஆய்வாளர் ஜான் மான்டீத்தும் சக ஆய்வாளர்களும் கம்பு விதையை வைத்து 1982இல் வெளியிட்ட ஆய்வில், முளைப்பு வேகம் உகந்த வெப்பநிலைவரை நேர்கோடாக ஏறி, அதற்கு மேல் இன்னொரு நேர்கோடாக இறங்கியது. மக்காச்சோளக் கணக்கில் 86 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தை 86 என்றே கொள்வதும் இதனால்தான். பகல் நீளத்துக்குக் கட்டுப்பட்ட பயிர்களிலோ வெப்பக் கூட்டல் மட்டும் போதாது. தமிழ்நாட்டின் பழைய சம்பா நெல் இரகங்கள், பகல் குறுகத் தொடங்கிய பிறகே கதிர் கட்டும்.

எடையின் கதை வேறு. இளஞ்செடியில் புதிய இலை மேலும் இலை வளர்க்க உதவுவதால் எடை கூட்டுவட்டி போலப் பெருகுகிறது என்று தாவரவியலாளர் வி.எச். பிளாக்மன் 1919இல் காட்டினார். எடையின் மடக்கையை வரைந்தால் அந்த வளைவும் நேராகிவிடும். இலைகள் நிலத்தை மூடிய பின் நிலைமை மாறுகிறது; எடை நாளுக்கு ஏறத்தாழ ஒரே அளவில் கூடுகிறது. பார்லி, உருளைக்கிழங்கு, சர்க்கரை பீட், ஆப்பிள் ஆகியவற்றின் விளைச்சலை, அவை ஏந்திய சூரிய ஒளியின் அளவுக்கு எதிராக வரைந்தார் மான்டீத். 1977இல் வெளியான அந்தக் கட்டுரையில் நான்கும் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைந்தன. மெகாஜூல் ஒன்றுக்கு உலர் எடை சுமார் 1.4 கிராம்! வெவ்வேறு குடும்பப் பயிர்களை ஒரே சாய்வில் இணைத்த இந்த வரைபடம், வளர்ச்சிக் கணக்கின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று.

பிளாக்மனின் வளைவையும் இந்த நேர்கோட்டையும் 1990இல் பயிர் ஆய்வாளர் கௌட்ரியானும் மான்டீத்தும் ஒரே சமன்பாட்டில் இணைத்தார்கள். தொடக்ககாலப் பெருக்க வேகம், நிலம் மூடிய பின் வரும் நிலையான வேகம் ஆகியவற்றோடு அதில் மூன்றாவதாக ஓர் எண் உண்டு. நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் காலத்தின் அச்சை அந்தக் கோடு வெட்டும் இடமே அது. இலைகள் நிலத்தை மூடுவதற்குள் பயிர் இழந்துவிட்ட காலத்தை அந்த எண் அளக்கிறது.