பொருத்தம் என்ற சொல் விரிந்த வரலாறு: இரத்தமாற்றமும் வேலூரும்

இரத்தமாற்றத்தின் வரலாறு பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே எழுதப்படுகிறது. 1901-இல் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைப் பிரித்துக் காட்டினார். 1940-இல் அவரும் அலெக்சாண்டர் வீனரும் ஆர்எச் காரணியை அறிவித்தார்கள். அதன்பின் நுட்பங்களைச் செம்மைப்படுத்தும் வேலைதான் மிச்சம் என்பதுபோன்ற தோற்றம் ஏற்பட்டுவிடுகிறது. வேலூரின் அனுபவம் இதை ஏற்கவிடாது. ‘பொருத்தம்’ என்ற சொல் முதலில் இரண்டு இரத்தங்களுக்கு இடையே உள்ள உறவை மட்டும் குறித்தது. பிறகு கொடுப்பவரின் உடல்நலம் அதற்குள் வந்தது. கடைசியில், அவர் எதற்காகக் கொடுக்கிறார் என்ற கேள்வியும் சேர்ந்தது. இரத்தமாற்றத்தைப் பாதுகாப்பாக்கியதில் இந்தப் பொருள் விரிவுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதற்பொருளின் அடிப்படை எளியது. சிவப்பணுவின் மேற்பரப்பில் ஏ, பி ஆகிய ஆன்டிஜென்களில் எது இல்லையோ, அதற்கு எதிரான ஆன்டிபாடி பிளாஸ்மாவில் இயல்பாகவே இருக்கும். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தத்தோடு நீல நிற ஆன்டி-ஏ மருந்தைக் கலந்து மெல்ல ஆட்டினால், ஏ வகை இரத்தம் திரிந்த பாலைப்போலத் திப்பிதிப்பியாகப் பிரியும். ஓ வகை அப்படியே வழவழப்பாக இருக்கும். இந்த மோதல் உடலுக்குள் நடந்தால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகம் செயலிழக்கும்; உயிரும் போகலாம். ஆனால் வகையின் பெயர் ஒன்றாக இருந்தால் போதுமா? போதாது என்பதை 1952-இல் ஒய்.எம். பெண்டே குழுவினர் அறிவித்த ‘பம்பாய் வகை’ காட்டியது. மேலோட்டமான சோதனையில் அது ஓ வகையாகவே தெரியும். ஆனால் அந்த வகையினரிடம், ஓ இரத்தத்திலும் இருக்கும் எச் ஆன்டிஜெனே கிடையாது; அதனால் ஓ இரத்தமும் அவர்களுக்கு ஆகாது. அதனால்தான் கொடுப்பவரின் அணுக்களை நோயாளியின் சீரத்தோடு சேர்த்துப் பார்க்கும் ‘கிராஸ் மேட்ச்’ இன்றும் தேவைப்படுகிறது.

1986-இல் பொருத்தத்தின் பொருள் மாறியது. சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவரது மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளிகளிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். எச்ஐவி சோதனைக்கு அப்போது சென்னையில் வசதியில்லை. மாதிரிகள் இரவு ரயிலில் காட்பாடிக்கு வந்து, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானின் வைராலஜி துறையை அடைந்தன. எலைசா தட்டில் ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. இந்தியாவில் எச்ஐவி கண்டறியப்பட்டது இப்படித்தான். அதோடு, எல்லா ஆன்டிஜெனும் பொருந்திய ஒரு பை இரத்தமும் நோயைக் கொண்டுவரலாம் என்ற அச்சம் இந்தியாவின் இரத்த வங்கிகளுக்கும் வந்தது. மூன்றாண்டுகளில் இரத்தத்துக்கு எச்ஐவி சோதனை கட்டாயமாயிற்று.

சோதனையே போதும், கொடுப்பவரின் நோக்கத்தை ஏன் ஆராய வேண்டும் என்று கேட்கலாம். தொற்று ஏறிய பிறகும் சில நாட்கள், சில வாரங்கள் வரை சோதனையில் அது அகப்படாத இடைவெளி உண்டு. அந்த நாட்களில் நோயாளியைக் காப்பது கொடுப்பவர் சொல்லும் உண்மை மட்டுமே. காசுக்குக் கொடுப்பவருக்கு அதை மறைக்கக் காரணம் இருக்கிறது. தானாக முன்வருபவருக்கு இல்லை. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ‘காமன் காஸ்’ வழக்கில், விலைக்கு இரத்தம் கொடுப்பதை இரண்டாண்டுகளுக்குள் ஒழிக்கும்படி ஆணையிட்டது. மூன்றாவது பொருள் சட்டமானது அப்போதுதான்.

விற்பவரை விலக்கினால் தட்டுப்பாடு வரும், உறவினரே ஈடாகக் கொடுக்கட்டும் என்பது அடுத்த மறுப்பு. தட்டுப்பாடு குறித்த கவலை நியாயமானது. ஆனால் அந்தத் தீர்வு வேலூருக்குப் பொருந்தாது. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என வெகுதொலைவிலிருந்து இங்கு வரும் நோயாளியோடு பெரும்பாலும் ஓரிருவரே துணைக்கு வருவார்கள். அவர்களை நெருக்கினால், ‘உறவினர்’ என்ற பெயரில் விற்பவரே மறுபடி உள்ளே வருவார். சேமித்து வைக்கவும் எல்லை உண்டு: பிளேட்லெட் ஐந்து நாள், சிவப்பணு அதிகபட்சம் 42 நாள். ஆக, இங்கு தேவைப்படும் இரத்தம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மக்களிடமிருந்துதான் வர வேண்டும். ஆனால் ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் பெரும்பாலும் பெண்கள். கொடுப்பவருக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராம் இருக்க வேண்டும். தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு 12 கிராம்கூட இல்லை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. எனவே இந்தத் தோல் தொழிற்பகுதியில் இரத்ததான முகாம் நடத்துவோர் அந்தப் பெண்களின் இரத்தசோகையைத் தீர்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். கொடுப்பவரின் உடலில் போதுமான இரத்தம் இருப்பதும் பொருத்தத்தில் அடங்கும்.