வீழ்ச்சியும் எண்களும்: மான்செஸ்ரர் சிற்றிக் கழகத்தின் 1937–38ஆம் ஆண்டுப் பருவம் பற்றிய ஒரு புள்ளிவிபரவியல் நோக்கு

உதைபந்தாட்டக் கழகமொன்றின் ஒரு பருவகால முயற்சி முழுவதையும் புள்ளிப்பட்டியலின் ஒரேயொரு வரி மதிப்பிட்டுவிடுகின்றது. வென்றவை, சமநிலையில் முடிந்தவை, தோற்றவை, அடித்த கோல்கள், வாங்கிய கோல்கள், பெற்ற புள்ளிகள் என ஆறு எண்கள் அவ்வரியில் இடம்பெறும். அவற்றுள் இறுதியானதே கழகத்தின் விதியை நிர்ணயிக்கும். ஏனைய எண்கள் இறுதி எண்ணுக்கு முரணாகச் சாட்சி பகருமிடத்து, வரலாற்றை ஆராய்வோர் எதனை நம்புவது? இவ்வினாவை எழுப்புவதற்கு, மான்செஸ்ரர் சிற்றிக் கழகத்தின் 1937–38ஆம் ஆண்டுப் பருவத்தினும் பொருத்தமான எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்ட வரலாற்றில் அரிதாகவே கிடைக்கும்.

பன்னிரண்டு கழகங்களைக் கொண்டு 1888ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட உதைபந்தாட்ட லீக், 1930களில் மிக விரிந்த அமைப்பாக வளர்ந்திருந்தது. அதன் முதலாம் பிரிவில் 22 கழகங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 42 ஆட்டங்களில் ஆடவேண்டும். வெற்றிக்கு 2 புள்ளிகளும் சமநிலைக்கு 1 புள்ளியும் வழங்கப்பட்டன. இறுதி இரு இடங்களையும் பெற்ற கழகங்கள் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டன. புள்ளிகள் சமமாயின், அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்துப் பெறும் விகிதமே முந்தியவரைத் தீர்மானித்தது. விளையாட்டு வீரர் ஒருவர் பருவகாலத்திற் பெறக்கூடிய உச்ச ஊதியம் வாரத்துக்கு 8 பவுணாக வரையறுக்கப்பட்டிருந்த காலம் அது. நுழைவுச்சீட்டு வருமானத்தை நம்பி வாழ்ந்த கழகமொன்றுக்குத் தரமிறக்கம் என்பது கௌரவக் குறைவு மாத்திரமன்று. அது பிழைப்பையே பாதிக்கும் தண்டனையுமாகும். அத்தண்டனை நியாயமானதா என்று கேட்பது அதனால் வீண் ஆராய்ச்சி ஆகாது.

1936–37ஆம் ஆண்டுப் பருவத்தில் மான்செஸ்ரர் சிற்றிக் கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாக லீக் வாகையைச் சூடியது. அப்பருவத்தில் அது 107 கோல்களை அடித்து, 61 கோல்களை வாங்கி, 57 புள்ளிகளைப் பெற்றது. அடுத்த பருவத்தில் அதே கழகம் 14 ஆட்டங்களில் வென்று, 8 ஆட்டங்களைச் சமப்படுத்தி, 20 ஆட்டங்களிற் தோற்று, 36 புள்ளிகளுடன் 21ஆம் இடத்தை அடைந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. நடப்பு வாகையர் மறு ஆண்டிலேயே தரமிறக்கப்பட்ட நிகழ்வு இங்கிலாந்தின் முதனிலைப் பிரிவில் இஃதொன்றே. வியப்பு இதனோடு அமையவில்லை. அப்பருவத்தில் அக்கழகம் அடித்த கோல்கள் 80. அப்பிரிவில் வேறெந்தக் கழகமும் அத்தனை கோல்களை அடிக்கவில்லை. 52 புள்ளிகளுடன் வாகை சூடிய ஆர்சனல் கழகம்கூட 77 கோல்களையே அடித்தது. சிற்றி வாங்கிய கோல்களும் 77 ஆகும். அதாவது, தரமிறக்கப்பட்ட கழகம் தான் வாங்கியதைவிட 3 கோல்களைக் கூடுதலாக அடித்திருந்தது.

இத்தகைய வீழ்ச்சிக்கு வெற்றி தந்த மமதை, அசட்டை, மனத்தளர்ச்சி என்றெல்லாம் விளக்கம் கூறுதல் எளிது. ஆனால் நடந்து முடிந்த ஒன்றுக்குப் பின்னர் கற்பிக்கப்படும் காரணங்கள் எதற்கும் பொருந்துவன. ஆகவே முதலில் எண்களை நோக்குதல் தகும்.

மொத்த எண்ணிக்கை மறைக்கும் முதல் உண்மை அதன் பரம்பலாகும். அப்பருவத்தில் சிற்றிக் கழகம் டேர்பி கவுண்ரிக் கழகத்தை அதன் சொந்த மைதானத்திலேயே 7–1 எனத் தோற்கடித்தது. அவ்வொரு ஆட்டத்தை மாத்திரம் கணக்கிலிருந்து நீக்கினால், எஞ்சிய 41 ஆட்டங்களில் அடித்தவை 73, வாங்கியவை 76 என்றாகும். 3 கோல்களின் மிகை 3 கோல்களின் குறைவாக மாறிவிடுகின்றது. ஏழு கோல்களால் வென்றாலும் ஒரு கோலால் வென்றாலும் கிடைப்பது 2 புள்ளிகளே. நெல்லெல்லாம் ஒரே வயலில் விளைந்து ஏனைய வயல்கள் காய்ந்துபோன கமக்காரனின் நிலைக்கு இதனை ஒப்பிடலாம். மொத்த விளைச்சல் குறைவன்று. ஆயினும் ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியே இறுக்கவேண்டிய குத்தகையை அவனால் இறுக்க முடியாது. இவ்வகையில், “அதிக கோல் அடித்தும் தரமிறங்கியது” என்ற புதிரின் ஒரு பகுதி அவிழ்கின்றது.

ஆயினும் அது முழு விடையன்று. ஓர் எளிய அளவுகோலைக் கொண்டு மேலும் ஆராயலாம். ஒரு கழகத்தின் ஆட்டங்களில் விழுந்த மொத்தக் கோல்களுள் அக்கழகம் அடித்த பங்கு எவ்வளவோ, பெறக்கூடிய 84 புள்ளிகளுள் ஏறத்தாழ அதே பங்கினை அது பெறும் என எதிர்பார்க்கலாம். ஆர்சனல் கழகத்தின் 77 கோல்களும் அது வாங்கிய 44 கோல்களும் இவ்வளவுகோலின்படி 53.5 புள்ளிகளைக் குறிக்கும். அது பெற்றவை 52. இறுதி இடத்தை அடைந்த வெஸ்ற் புரொம்விச் அல்பியன் கழகம் 74 கோல்களை அடித்து 91 கோல்களை வாங்கியது. அதற்குரிய எதிர்பார்ப்பு 37.7, பெற்றவை 36. உச்சியிலும் அடியிலும் இவ்வாறு பொருந்திவரும் அளவுகோல் சிற்றிக்கு 42.8 புள்ளிகளைக் குறிக்கின்றது. அஃது உண்மையிற் பெற்றதோ 36. ஏறத்தாழ 43 புள்ளிகளைப் பெற்ற கழகம் அப்பட்டியலில் 9ஆம் இடத்தில் நின்றது. அல்பியனும் சிற்றியும் வென்ற, சமப்படுத்திய, தோற்ற ஆட்டங்களின் தொகைகளில் முற்றிலும் ஒத்திருந்தன என்பதும் கருதத்தக்கது. ஒன்று 17 கோல்கள் குறைவாகவும் மற்றையது 3 கோல்கள் மிகையாகவும் நின்று ஒரே வாயிலால் வெளியேறின.

இங்கு தற்செயலின் பங்கினை அளவிடுதல் அவசியமாகின்றது. அப்பருவத்தின் 462 ஆட்டங்களில் வழங்கப்பட்ட புள்ளிகள் 924. ஒரு கழகத்துக்குரிய இடை 42. முதலிடத்துக்கும் இறுதியிடத்துக்கும் இடையிலான வேறுபாடு 16 புள்ளிகள் மாத்திரமே. 22 கழகங்களின் புள்ளிகளையும் கொண்டு நியமவிலகலைக் கணிப்பின் அது ஏறத்தாழ 4.6 ஆகும். இனி, 22 கழகங்களும் ஆற்றலில் முற்றிலும் சமமானவை என்றும், ஆட்டங்களிற் காற்பங்கு சமநிலையில் முடிந்து ஏனையவை நாணயச் சுண்டுதலைப் போலத் தீர்ந்தன என்றும் கொள்வோம். அவ்வாறாயினும் புள்ளிகளின் நியமவிலகல் ஏறத்தாழ 5.6 ஆக இருக்கும். சொந்த மைதானத்தின் அனுகூலத்தைக் கணக்கிற் சேர்த்தால் அது சற்றுக் குறையுமேனும் உண்மை விலகலைவிடப் பெரிதாகவே இருக்கும். அதாவது, அப்பருவத்தின் பட்டியல், முழுவதும் தற்செயலால் விளைந்த பட்டியலைவிடவும் நெருக்கமாக அமைந்திருந்தது. கழகங்கள் யாவும் சமமானவை என்பதை இது நிறுவாது. கோல்கணக்குகள் அவ்வாறன்று என்றே காட்டுகின்றன. ஆனால் இடையிலிருந்து 6 புள்ளிகள் தாழ்ந்து நின்றமையை மாத்திரம் கொண்டு ஒரு கழகத்தைத் தரமற்றது எனத் தீர்ப்பளித்தல் இயலாது என்பதை இது நிறுவுகின்றது.

இறுதி நாளாகிய 1938 மே 7ஆம் திகதி நிகழ்ந்த ஆட்டம் இதனை மேலும் தெளிவாக்கும். அன்று ஹடர்ஸ்பீல்ட் ரவுண் கழகத்திடம் சிற்றி 0–1 எனத் தோற்றது. அவ்வாட்டத்தில் சிற்றி வென்றிருப்பின் அதன் புள்ளிகள் 38 ஆகியிருக்கும்; ஹடர்ஸ்பீல்ட் 37 புள்ளிகளுடன் அதற்குப் பதிலாக இறங்கியிருக்கும். 38 புள்ளிகளைப் பெற்றிருந்த ஏனைய நான்கு கழகங்களும் அடித்ததைவிடக் கூடுதலாக வாங்கியவையாதலால், கோல் விகிதத்தின் துணையோடு சிற்றி 16ஆம் இடத்துக்கு உயர்ந்திருக்கும். ஓர் ஆட்டத்தின் முடிவில் ஐந்து இடங்கள் தங்கியிருந்தன.

கோல் என்பது அரிதான நிகழ்வு என்பதே இத்தகைய ஊசலாட்டத்தின் மூலகாரணம். இதனை முறையாக எடுத்துக்காட்டியவர்களுள் முதன்மையானவர் பிரித்தானிய வான்படையிற் கணக்கு அதிகாரியாக விளங்கிய சாள்ஸ் றீப் ஆவார். 1950 மார்ச் 18ஆம் திகதி சுவின்டன் ரவுண் கழகத்தின் ஆட்டமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்த அவர், கையிலிருந்த குறிப்பேட்டில் ஒவ்வொரு தாக்குதலையும் பதியத் தொடங்கினார். ஆண்டுக்கணக்காக அவர் திரட்டிய தரவுகளை பேர்னார்ட் பெஞ்சமினுடன் இணைந்து ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 1968இல் அரச புள்ளிவிபரவியற் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. ஏறத்தாழப் பத்து எத்தனங்களுக்கு ஒரு கோல் என்பதும், ஆட்டத்தில் தற்செயல் பெரும்பங்கு வகிக்கின்றது என்பதும் அவர்கள் கண்ட முடிவுகள். நீண்ட பந்தை உயர்த்தி அடிப்பதே சிறந்தது என றீப் அத்தரவுகளிலிருந்து பெற்ற போதனை பிற்காலத்திற் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாகியது. எனினும் தற்செயல் பற்றிய முடிவு நிலைத்தது. 2010களிற் பரவலான, ஒவ்வோர் எத்தனமும் கோலாகும் நிகழ்தகவைக் கூட்டிக் கணிக்கும் முறையும், பெற்ற முடிவையும் ஆடிய ஆட்டத்தையும் வேறுபிரித்து நோக்கும் அதே தேவையிலிருந்து எழுந்ததே.

இவற்றைத் தொகுத்து நோக்கின் சிற்றியின் வீழ்ச்சியை அளவிட்டுக் கூறுதல் கூடும். 57 புள்ளிகளிலிருந்து 36 புள்ளிகளுக்கு இறங்கியமையால் இழக்கப்பட்டவை 21. முன் கூறிய கோற்பங்கு அளவுகோலின்படி, வாகை சூடிய ஆண்டில் அக்கழகத்துக்கு உரியவை 53.5, இறங்கிய ஆண்டில் உரியவை 42.8. எனவே, ஆட்டத்தின் தரம் தாழ்ந்தமையால் இழக்கப்பட்டவை ஏறத்தாழ 11 புள்ளிகள். எஞ்சிய 10இல், முன்னைய ஆண்டில் உரியதற்கு மேலாகக் கிடைத்தவை 3.5, பின்னைய ஆண்டில் உரியதற்குக் குறைவாகக் கிடைத்தவை 6.8. வீழ்ச்சியின் அரைப்பங்கு உண்மையானது. மற்றைய அரைப்பங்கு கோல்கள் ஆட்டங்களிடையே பங்கிடப்பட்ட விதத்தால் விளைந்தது. உச்சியிலிருந்து நடுவரை அக்கழகம் தன் குறையால் இறங்கியது. நடுவிலிருந்து அடிவரை அது பெரும்பாலும் தள்ளப்பட்டது எனலாம்.

நெருக்கமான ஆட்டங்களை இழந்தமைக்கு உளநலிவோ தந்திரக் குறைவோ காரணமாயிருத்தல் கூடாதா என வினவலாம். கூடும். எண்கள் அதனை மறுக்கவில்லை. ஆனால், தற்செயலே விளக்கிவிடக்கூடிய அளவினதான ஒரு குறைவுக்கு மனிதரின் குணத்தைக் குற்றஞ்சாட்டுமுன் வேறு சான்று வேண்டும் என்பதையே அவை வற்புறுத்துகின்றன. பட்டியல் பொய் கூறவில்லை. நிகழ்ந்ததை அது சரியாகவே பதிந்துள்ளது. நிகழ்ந்தது முழுவதும் தகுதியால் நிகழ்ந்தது என்று அதனை வாசிப்பதே தவறு. போரின் பின்னர் மீண்டும் தொடங்கிய லீக்கின் 1946–47ஆம் ஆண்டுப் பருவத்தில் இரண்டாம் பிரிவின் வாகையராகி, அக்கழகம் முதலாம் பிரிவுக்கு மீண்டது. ஆனால், 1938இல் இறங்கிய வீரர்களுட் பலருடைய சிறந்த ஆட்ட வயதை அதற்குள் போர் விழுங்கிவிட்டிருந்தது. அவர்கள்மீது காலம் சுமத்திய பழியில் அரைப்பங்கையாவது குறைத்துக் காட்டுதல், எண்களைக் கற்றவர் வரலாற்றுக்குச் செய்யக்கூடிய நியாயமான பணியாகும்.