1857: தோட்டாவுக்கு ஏன் கொழுப்பு பூசினார்கள்?

பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசிய தோட்டாவால் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது என்று ஒரு வரியில் படிப்பித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். தோட்டாவுக்கு ஏன் கொழுப்பு என்று ஒரு பிள்ளை கேட்டால்தான் நாமும் யோசிக்கிறோம். பதில் துவக்கின் குழலுக்குள் இருக்கிறது.

சிப்பாய்கள் அதற்கு முன் தூக்கிய பிரவுண் பெஸ் துவக்கின் குழல் உள்ளே வழவழப்பானது. விட்டம் 0.75 அங்குலம். உருண்டைச் சன்னம் 0.69 அளவுதான், போட்டால் தானாக இறங்கும். ஆனால் தூரத்துக் குறி பிசகும். குறி பிசகாமல் இருக்கக் குழலுக்குள் சுருள் வரி வெட்டினார்கள். சன்னம் அந்த வரியைக் கவ்வ வேண்டும். கவ்வும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் வாய்வழியாக இறக்குவது பெரும் பாடு. பிரெஞ்சுக் கப்டன் மினியே 1849இல் வழி கண்டார்: குழலைவிடச் சற்றுச் சிறிய, அடி குடைந்த கூர்ச்சன்னம். சுட்டதும் அடிப்பக்கம் விரிந்து வரியைக் கவ்விக்கொள்ளும்.

1853 என்ஃபீல்ட் இந்த வழியில் வந்ததுதான். குழல் 0.577, சன்னம் 0.568. ஆயிரத்தில் ஒன்பது பங்கு அங்குலம்! அந்த இடைவெளிக்குள் சன்னத்தைச் சுற்றிய கடதாசியும் போக வேண்டும். சில வேட்டுகளிலேயே குழலில் கரி படியும். சன்னம் மருந்தின்மேல் அமராமல் பாதியில் சிக்கினால் சுடுகிறவனுக்கே ஆபத்து. அதனால்தான் கொழுப்பும் தேன்மெழுகும். (பிறகு சன்னத்தையே 0.55 ஆகக் குறைத்தார்கள். முதலிலேயே செய்திருக்கலாம்!)

இன்னொன்று. சிப்பாய் கடித்தது மருந்து இருந்த நுனியை. கொழுப்பு பூசியது சன்னம் இருந்த மறுமுனையில். ஆனால் ஒரே பொதிக்குள் அடுக்கிய கடதாசிச் சுருள்களில் எது எங்கே படும் என்று யார் பிரித்துப் பார்ப்பது? ஹராமானதை வாயில் வைக்கச் சொல்கிறார்கள் என்ற பயம் நியாயமானதே.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. வங்காளப் படையின் கேணல் டக்கர், யாருடைய மதத்தையும் புண்படுத்தாத கொழுப்பு என்று உறுதியாகும்வரை இதைச் சிப்பாய்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று 1853 டிசம்பரிலேயே எழுதினார். அது காதில் ஏறவில்லை. 1857 ஜனவரியில், விரும்பியதை நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்றார்கள். பிறகு, கடிக்காமல் கையால் கிழியுங்கள் என்றார்கள். ஒவ்வொரு மாற்றமும் சந்தேகத்தைக் கூட்டியது. ஒன்றுமில்லாவிட்டால் ஏன் மாற்றுகிறார்கள்?

ஏப்ரல் 24இல் மீரட்டில் 3ஆம் குதிரைப்படையின் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் சேர்ந்தே மறுத்தார்கள். அன்று நீட்டப்பட்டதோ அவர்கள் வழமையாகப் பாவித்த பழைய தோட்டா. அதற்குள் எந்தத் தோட்டாவையும் நம்பும் நிலை போய்விட்டது. மே 9இல் எல்லோர் முன்னிலையிலும் விலங்கு மாட்டினார்கள். மறுநாளே மீரட் எரிந்தது. மே 11இல் சிப்பாய்கள் டில்லியில் பகதூர் ஷா ஸஃபரின் வாசலில் நின்றார்கள்.

1866இல் அதே என்ஃபீல்டுகளின் பின்பக்கத்தை வெட்டி, பித்தளைக் கூட்டுத் தோட்டா போடும் ஸ்னைடர் துவக்குகளாக மாற்றினார்கள். சன்னம் எவ்வளவு ஆழத்தில் அமர வேண்டும் என்பது அதன்பின் தொழிற்சாலையிலேயே தீர்மானமானது. கடிக்க ஒன்றும் இருக்கவில்லை.