நமக்கு நாமே முடிவெட்டு: ஒரு சின்ன வரலாறு

நம் முத்தியால்பேட்டையில் என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு பென்ஷனில் தொடங்கி, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று போய், இப்போதெல்லாம் இன்னொரு விஷயத்தில் வந்து நிற்கிறது. "நான் சலூனுக்குப் போறதையே விட்டுட்டேன் சார். பையன் ஒரு ட்ரிம்மர் வாங்கிக் கொடுத்தான். வீட்டிலேயே முடிச்சிக்கறேன்" என்கிறார்கள். 2020 மார்ச் 25-ஆம் தேதி தொடங்கிய ஊரடங்கில் சலூன்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது பிடித்துக்கொண்ட பழக்கம் இது. கொரோனா போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

இது ஏதோ புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். முடியை வீட்டிலேயே வெட்டிக்கொண்டவர்களின் கதை மிகப் பழையது. அவர்களில் பலர் காசு மிச்சம் பிடிக்கவோ சௌகரியத்துக்காகவோ அப்படிச் செய்யவில்லை. அந்தக் கதையை எனக்குத் தெரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

முதலில், சலூன் என்பதே இல்லாத காலம். அப்போது முடிவெட்டு வீட்டில்தான் நடந்தது. ஆனால் வெட்டியவர் வீட்டுக்காரர் இல்லை. நாவிதர் தன் அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். கத்தரி, சீப்பு, சவரக்கத்தி, கத்தி தீட்டும் தோல்வார், தண்ணீர்க் கிண்ணி, படிகாரக் கட்டி எல்லாம் அதற்குள் இருக்கும். கொல்லைப்புறத்திலோ மரத்தடியிலோ ஒரு பலகையைப் போட்டு உட்காருவார்கள். கிராமங்களில் கூலி ரொக்கமாகக் கிடையாது, அறுவடைக் களத்தில் நெல்லாக அளந்து கொடுப்பார்கள். வேலை முடிந்தால் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். நம் தலையையும் முகத்தையும் தொட்டு வேலை செய்தவர் நம் வீட்டு வாசற்படியைத் தாண்டக்கூடாது. வயதில் எவ்வளவு மூத்தவரானாலும் பொடிப்பையன்கூட அவரை ஒருமையில் கூப்பிடுவான். இதெல்லாம் என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இத்தனைக்கும் அவர்கள் பெற்றிருந்த பெயர் 'மருத்துவர்'. கட்டி கீறுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் அவர்கள் வேலை. பிரசவம் பார்த்த மருத்துவச்சி பெரும்பாலும் அந்தக் குடும்பத்துப் பெண்மணி. யாழ்ப்பாணத்தில் நாவிதரைப் பரியாரி என்பார்கள். நோய்க்குப் பரிகாரம் செய்பவர் என்ற பொருளில் வந்த சொல் அது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு, பிரான்சிலும் இதே கதைதான் என்று பிற்பாடு தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. அங்கேயும் சவரக்கத்தி பிடித்தவர்களே ரண சிகிச்சையும் செய்தார்கள். பிரெஞ்சு அறுவை சிகிச்சையின் தந்தை என்று போற்றப்படும் அம்புருவாஸ் பாரே, 16-ஆம் நூற்றாண்டில் ஒரு நாவிதரிடம் தொழில் பழகி மேலே வந்தவர். 1743-ல் பதினைந்தாம் லூயி மன்னர் ஒரு ஆணை போட்டு ரணவைத்தியர்களை நாவிதர்களிடமிருந்து பிரித்துவிட்டார். துய்ப்ளெக்ஸ் நம் ஊருக்குக் கவர்னராக வந்த மறுவருடம் அது. இங்கிலாந்தில் 1745-ல் பிரித்தார்கள். அங்கே பிரிந்து போனவர்கள் டாக்டர்களாகி மதிப்பு பெற்றார்கள். இங்கே யாரும் ஆணை போட்டுப் பிரிக்கவில்லை. ஆங்கில வைத்தியமும் ஆஸ்பத்திரியும் வந்து அவர்களிடமிருந்த வைத்தியத்தை எடுத்துக்கொண்டன. கத்தரி மட்டும் அவர்கள் கையில் மிச்சமிருந்தது.

அதிலும் பாதியைப் பிடுங்கிக்கொண்டது பிளேடு. அமெரிக்காவில் கிங் ஜில்லெட் என்பவர் 1901-ல் கம்பெனி தொடங்கி, 1903-ல் பாதுகாப்புச் சவர ரேஸரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த முதல் வருடம் விற்றது 51 ரேஸர், 168 பிளேடு. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு லட்சக்கணக்கில் ரேஸர் கொடுக்கப்பட்டது. ஊர் திரும்பிய பிறகும் அவர்கள் தாங்களே சவரம் செய்துகொண்டார்கள். நம் பக்கமும் அது பரவி, பாரத், பனாமா, டோபாஸ், செவன் ஓ கிளாக் என்று பிளேடு இல்லாத வீடே இல்லை என்றாயிற்று. பென்சில் சீவுவதும், துணியில் தையல் பிரிப்பதும், நகம் வெட்டுவதும் அதே பிளேடில்தான்.

சவரம் வீட்டுக்குள் வந்தது. முடிவெட்டு வரவில்லை. காரணம் எளிது. முகம் கண்ணாடியில் தெரியும், பிடரி தெரியாது. பின்னால் இன்னொரு கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கத்தரியை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று கைக்குக் குழப்பம் வந்துவிடும்.

அதற்கும் ஒரு கருவி வந்தது. நாம் 'மிஷின்' என்று சொன்னோமே, இரண்டு பிடியையும் அமுக்கி அமுக்கி வெட்டும் கருவி, அதைப் பிரெஞ்சில் 'தொந்தேஸ்' என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் 'பரிக்கான் எ மார்' என்ற கம்பெனி இதைச் செய்து விற்றது. அந்தச் சரக்கு ஜப்பான் வரை போயிற்று. இன்றைக்கும் ஜப்பானியர்கள் முடிவெட்டும் மிஷினைப் 'பரிக்கான்' என்றுதான் சொல்கிறார்கள். கம்பெனியின் பெயரே கருவிக்குப் பெயராகிவிட்டது. நம் ஊருக்கு இந்தத் தொந்தேஸ் சில சொல்தாக்களின் பெட்டியிலும் வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் சைகோனிலிருந்து திரும்பிய ஒரு சொல்தா இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரப்பிள்ளைகளைத் திண்ணையில் வரிசையாக உட்காரவைத்து, எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிவிடுவார். பட்டாளத்தில் கற்ற வித்தை.

இப்படிப்பட்ட மிஷின் ஒன்றைத் தன் தலையிலேயே ஓட்டிப் பார்த்த ஒருவரை நம் எல்லாருக்கும் தெரியும். காந்தியடிகள்தான் அவர். 1890-களில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் ஒரு வெள்ளைக்கார நாவிதரிடம் போனார். கறுப்பு மனிதருக்கு வெட்ட முடியாது என்று அவர் அலட்சியமாக மறுத்துவிட்டார். பாரிஸ்டர் காந்தி நேரே போய் ஒரு மிஷினை வாங்கிக் கண்ணாடி முன்னால் நின்று தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் சுமாராக வந்தது, பின்பக்கம் கெட்டுப்போயிற்று. கோர்ட்டில் நண்பர்கள், எலி கடித்துவிட்டதா என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவர் கவலைப்படவில்லை. 1908-ல் ஜொகானஸ்பர்க் சிறையில் இருந்தபோது மற்றக் கைதிகளுக்கும் அவரே முடி வெட்டினார்.

இதைத் தன் சுயசரிதையில் எழுதும்போது அவர் அந்த வெள்ளைக்காரரைத் திட்டவில்லை. கறுப்பருக்கு வெட்டினால் வெள்ளைக்கார வாடிக்கையெல்லாம் அந்த மனிதரைக் கைவிட்டிருக்கும் என்று அவர் பக்க நியாயத்தைச் சொல்கிறார். பிறகு, நம் ஊரில் நம் நாவிதர்களைத் தீண்டப்படாதவர்களுக்கு வெட்ட நாம் விட்டோமா, அதன் பலன்தான் எனக்கு அங்கே கிடைத்தது என்கிற பொருளில் முடிக்கிறார். 1934 பிப்ரவரி 17-ல் அவர் நம் புதுச்சேரிக்கு வந்தது, தீண்டாமையை ஒழிக்க நாடு முழுவதும் செய்த சுற்றுப்பயணத்தில்தான்.

காந்திக்குப் பிரிட்டோரியாவில் ஒருநாள் நேர்ந்தது, அம்பேத்கருக்குச் சொந்த ஊரில் தினசரி வாழ்க்கை. சிறுவயதில் சதாராவில் அவர் வீட்டில் எல்லாருக்கும் முடி வெட்டியது அவருடைய அக்கா. ஊரில் நாவிதர் இல்லாமல் இல்லை. அப்பா பட்டாளத்தில் சுபேதாராக இருந்து பென்ஷன் வாங்கியவர், காசுக்கும் பஞ்சமில்லை. தீண்டப்படாத பிள்ளையின் தலையைத் தொட எந்த நாவிதரும் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான். செய்து செய்து அக்கா அந்தத் தொழிலில் தேர்ந்துவிட்டார் என்று அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இதுதானே நடந்தது? சேரி மக்கள் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொண்டார்கள், அல்லது டவுனுக்கு நடந்தார்கள். நாவிதர் மனசு இளகி வெட்டினாலும், மறுநாளே ஊர்ப் பெரியவர்கள் அவர் பிழைப்பில் கை வைத்துவிடுவார்கள். கத்தரி அவர் கையில் இருந்தாலும் அது யார் தலையில் படலாம் என்று முடிவு செய்தவர்கள் வேறு ஆட்கள். காந்தி சொன்ன அந்த நியாயம் இங்கேயும் பொருந்தும்.

அக்காவிடம் முடி வெட்டிக்கொண்ட அந்தப் பையன்தான் பிற்பாடு அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைவரானார். எந்தக் கடையிலும் சாதி மதம் பார்த்து யாரையும் தடுக்கக்கூடாது என்ற பிரிவு 1948 நவம்பரில் விவாதத்துக்கு வந்தபோது, 'கடை' என்ற சொல்லின் பொருள் பற்றிக் கேள்வி எழுந்தது. உள்ளே நுழைய விடுவது மட்டும் போதாது, வருகிறவருக்குச் சேவையும் செய்ய வேண்டும், அந்த விரிந்த பொருளில்தான் அது வருகிறது என்று அம்பேத்கர் விளக்கினார். சலூனும் அதில் அடக்கம். 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டமும், பொதுமக்களுக்குச் செய்கிற சேவையைத் தீண்டாமை காரணமாக மறுப்பது குற்றம் என்றது. நான் குமாஸ்தா வேலை பார்த்தவன். கோப்பில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் எத்தனை பேர் வாழ்க்கை அடங்கியிருக்கும் என்று தெரியும்.

எங்கள் பள்ளியில் லிபெர்த்தே, எகாலித்தே, ஃபிரத்தெர்னித்தே என்று சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். அந்த எகாலித்தேயை நான் கண்ணால் பார்த்த இடங்களில் ஒன்று சலூன். உங்களுக்கும் நினைவிருக்கும். எதிரெதிரே இரண்டு கண்ணாடி, சுழல் நாற்காலி, மூலையில் ரேடியோவில் இலங்கை வானொலி, பக்கம் பக்கமாகப் பிரிந்து பல கைகளில் கிடக்கும் தினத்தந்தி. தறிக்காரரும், மில் தொழிலாளியும், வாத்தியாரும், ஆபீஸரும் ஒரே பெஞ்சில் காத்திருந்து, வந்த வரிசைப்படி ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கொல்லைப்புறத்தில் ஒருமையில் கூப்பிடப்பட்டவர் அங்கே முதலாளி. "கொஞ்சம் குனிங்க சார்" என்று அவர் சொன்னால் எந்தத் தலையும் குனிந்துதான் ஆகவேண்டும். எல்லா ஊரிலும் இன்னும் இந்த நிலை வந்துவிடவில்லை. நாற்காலி மறுக்கப்பட்ட செய்தி இன்றைக்கும் பேப்பரில் வருகிறது.

ட்ரிம்மர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முட்டிவலிக்காரர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் அது பெரிய உதவி. ஒன்றாம் நம்பர் சீப்பு மாட்டினால் சுமார் 3 மில்லிமீட்டர், இரண்டாம் நம்பருக்கு 6 மில்லிமீட்டர் முடி நிற்கும். பெரிய நம்பரில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வாருங்கள், பிடரியை மட்டும் வீட்டில் யாரிடமாவது விடுங்கள். ஆனால் நடக்கத் தெம்பு இருக்கிறவர்கள் மாதம் ஒரு தடவையாவது சலூனுக்குப் போய்வாருங்கள். ஊரடங்கில் மாதக்கணக்காக வருமானம் இல்லாமல் கடை வாடகைக்குத் தவித்தவர்கள் அவர்கள். அதோடு, அந்த நாற்காலியில் உட்கார முடியாமல் வீட்டிலேயே வெட்டிக்கொண்டவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ தலைமுறை இருந்திருக்கிறார்கள். நமக்கு அது கிடைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள்.