பிரிட்டன் தொழிலாளர் கட்சியில் இடதுசாரிகளின் மீட்சி (2015–2020)

ஜெரமி கோர்பின் 2015 செப்டம்பர் முதல் 2020 ஏப்ரல் வரை பிரிட்டனின் தொழிலாளர் கட்சித் தலைவராக இருந்தார். ஆட்சிக்கு வந்து பழகிய ஒரு பெரிய கட்சியின் தலைமைக்கு, அதன் விளிம்பில் இருந்த இடதுசாரிகள் வந்து சேர்ந்த காலம் அது. இதைக் கோர்பினின் தனிப்பட்ட செல்வாக்கு என்றோ, இளைஞர்களின் திடீர் எழுச்சி என்றோ சொல்லிவிடுவது வழக்கம். இரண்டும் போதாது. அவர் 1983 முதல் லண்டனின் இஸ்லிங்டன் வடக்குத் தொகுதி எம்.பி.; முப்பது ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே கருத்துகளைத்தான் பேசி வந்தார். மாறியது தலைவரைத் தேர்ந்தெடுக்கும் விதி. அந்த விதிதான் இடதுசாரிகளை மேலே கொண்டுவந்தது. அதன் முடிவை எம்.பி.க்கள் ஏற்க மறுத்ததே பிற்பாடு இடதுசாரிகளைப் பெருமளவு முடக்கியது.

1981இல் இடதுசாரிகளின் முன்னணித் தலைவர் டோனி பென், கட்சியின் துணைத் தலைவர் தேர்தலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். 1983 பொதுத்தேர்தலில் கட்சி 27.6 சதவீத வாக்குக்குச் சரிந்தபின் இடதுசாரிகள் ஓரங்கட்டப்பட்டனர். 1995இல் கட்சித் தலைவர் டோனி பிளேர், பொதுவுடைமையை இலக்காகக் கூறிய கட்சி விதிகளின் நான்காம் பிரிவையே மாற்றி எழுதினார். அதுவரை எம்.பி.க்கள், தொழிற்சங்கங்கள், உறுப்பினர்கள் என மூன்று பங்காக இருந்த தலைவர் தேர்தலை, பின்னாளில் தலைவரான எட் மிலிபாண்ட் 2014இல் ஆளுக்கு ஒரு வாக்கு என்று மாற்றினார். சங்கங்களின் பிடியைத் தளர்த்தும் இந்தச் சீர்திருத்தத்தைக் கட்சியின் வலதுசாரிகள்தான் அதிகம் வரவேற்றார்கள். மூன்று பவுண்டு கட்டினால் பதிவுபெற்ற ஆதரவாளராக வாக்களிக்கவும் வழி திறந்தது. எம்.பி.க்களிடம் எஞ்சியது ஒரே காவல்: வேட்பாளரை அவர்களில் 15 சதவீதத்தினர், அதாவது 35 பேர், முன்மொழிய வேண்டும். 2015 ஜூன் 15, நண்பகல் கெடு முடியச் சில நிமிடங்களே இருக்கையில் கோர்பினுக்கு அந்த எண்ணிக்கை நிறைந்தது. மொத்தம் 36 பேர். மார்கரெட் பெக்கெட் போன்ற சில எம்.பி.க்கள் அவரை ஆதரித்துக் கையெழுத்திடவில்லை. விவாதத்தில் எல்லாக் குரலும் இருக்கட்டும் என்றே இட்டார்கள். அடுத்த மாதம் அரசின் நலத்திட்டக் குறைப்பு மசோதா வந்தபோது கட்சித் தலைமை வாக்களிக்காமல் ஒதுங்கச் சொன்னது. 48 எம்.பி.க்கள் மீறி எதிர்த்து வாக்களித்தார்கள். தலைமைக்குப் போட்டியிட்ட நால்வரில் அவர்களோடு நின்றவர் கோர்பின் மட்டுமே. சிக்கன நடவடிக்கையால் ஐந்தாண்டுகள் நொந்திருந்த தொண்டர்களுக்கு இந்த ஒரு வாக்கெடுப்பே யார் யார் எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டது. செப்டம்பரில் அவர் 59.5 சதவீதம் பெற்று முதல் சுற்றிலேயே வென்றார்.

இது வெளியாட்கள் புகுந்து கட்சியைக் கைப்பற்றிய கதை என்று எதிர்ப்பாளர்கள் சொல்கிறார்கள். மூன்று பவுண்டு ஆதரவாளர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தது உண்மைதான். ஆனால் முழு உறுப்பினர்களின் வாக்கை மட்டும் எண்ணினாலும் அவருக்குக் கிட்டத்தட்ட 50 சதவீதம் கிடைத்தது. இரண்டாவதாக வந்தவர் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. 2016 ஜூனில் எம்.பி.க்கள் 172க்கு 40 என்ற கணக்கில் அவர்மேல் நம்பிக்கையில்லை என்றார்கள். அதையடுத்து நடந்த தலைவர் தேர்தலில் ஆதரவாளர் கட்டணம் 25 பவுண்டாக உயர்ந்தது, புதிய உறுப்பினர்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது, அப்படியும் 61.8 சதவீதத்துடன் மீண்டும் வென்றார். இதைக் கைப்பற்றல் என்பது பொருந்தாது.

இடதுசாரிக் கொள்கையை வைத்துத் தேர்தலில் வெல்ல முடியாது என்ற இரண்டாவது வாதம் கனமானது. 2019இல் கட்சி 202 இடங்களுக்குச் சுருங்கியது; 1935க்குப் பின் அவ்வளவு குறைந்ததில்லை. 1950இல் உருவானது முதல் தொழிலாளர் கட்சியை விட்டு அகலாத போல்சோவர் தொகுதியே கைநழுவியது. அங்கே தோற்ற டென்னிஸ் ஸ்கின்னர் முன்னாள் சுரங்கத் தொழிலாளி, கட்சியின் மூத்த இடதுசாரி. ஆனால் ரயில், குடிநீர், மின்சாரம், அஞ்சல் ஆகியவற்றைப் பொதுத்துறைக்குக் கொண்டுவருவோம் என்ற அதே வாக்குறுதிகளோடுதான் 2017இல் கட்சி 40 சதவீதம் பெற்று, கன்சர்வேட்டிவ்களின் பெரும்பான்மையைப் பறித்தது. இரண்டு தேர்தலுக்கும் நடுவே பெரிதாக மாறியது பிரெக்சிட் நிலைப்பாடு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வாக்களித்த தொழில் நகரங்களிடம் மறு வாக்கெடுப்பைக் கொண்டுபோனது பெருந்தவறு. 2017இல் 1 கோடியே 28 லட்சம் வாக்கு வாங்கிய கட்சி, கெய்ர் ஸ்டார்மரின் தலைமையில் 2024இல் 97 லட்சம் வாக்கே பெற்று 411 இடங்களை வென்றது. எதிர்த்தரப்பு வாக்குகள் சிதறியதன் பலன் அது. இடதுசாரிகளை ஒதுக்கியதால் மக்கள் திரண்டு வந்தார்கள் என்பதற்கு அந்தக் கணக்கில் ஆதாரமில்லை.

கோர்பின் தலைமையின் குறைகளை இதைக்கொண்டு மறைக்கக் கூடாது. யூத வெறுப்புப் புகார்களைக் கட்சி கையாண்ட விதத்தில் சட்டமீறல்கள் நடந்ததைச் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2020 அக்டோபரில் உறுதிப்படுத்தியது. சமத்துவம் பேசிய தலைமைக்கு இது மன்னிக்க முடியாத தவறு. இடதுசாரிகளின் அமைப்பு வேலையும் அரைகுறை: உறுப்பினர் எண்ணிக்கை ஐந்தரை லட்சத்தைத் தாண்டியும், எம்.பி. வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை முழுமையாக மாற்றவில்லை.

விதியே தலைவரைத் தீர்மானிக்கிறது என்ற பாடத்தைக் கட்சிக்குள் இருந்த எதிர்ப்பாளர்கள் நன்றாகக் கற்றார்கள். 2021 பிரைட்டன் மாநாட்டில் முன்மொழிவு வரம்பு எம்.பி.க்களில் 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2024இல் வென்ற 411 பேரை வைத்துப் பார்த்தால், தலைமைக்குப் போட்டியிடவே 80க்கும் மேற்பட்ட எம்.பி.க்களின் கையெழுத்து வேண்டும்.