காரவள்ளிக்கு மேலே: விடுதிப் பொறுப்பும் காப்பீடும் வளர்ந்த வழி

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. அங்கே வாழவந்தி நாட்டிலுள்ள செம்மேட்டில்தான் வெளியூர்க்காரர்கள் முதலில் அறை தேடுகிறார்கள். அறப்பளீஸ்வரரைக் கும்பிடவும் ஆகாய கங்கை அருவியில் குளிக்கவும் வருகிறவர்கள் ஆண்டு முழுவதும் உண்டு. ஆடி 17, 18-ல் வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் இன்னும் பெருகும். அறையில் வைத்த பை காணாமல் போனாலோ, பாசி பிடித்த படியில் விருந்தினர் வழுக்கி விழுந்தாலோ விடுதிக்காரர் எந்த அளவுக்குப் பொறுப்பு? இதற்கான சட்டம் பெரும்பாலும் நகரத்து ஹோட்டல்களின் வழக்குகளில்தான் உருவானது. காப்பீட்டுப் பாலிசியும் நகரத்துக் கட்டடத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. மலையின் ஆபத்து இரண்டுக்கும் இடையில் விழுந்து கிடக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் இங்கிலாந்தில். விடுதியில் விருந்தினரின் பொருள் களவு போனால் விடுதிக்காரர் தன் மீது தவறில்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்ற பழைய வழக்காற்றை 1584-ல் கேலி (Calye) என்பவரின் வழக்கு உறுதிசெய்தது. வழிப்பறிக்காரர்களோடு விடுதிக்காரர்களே கூட்டுச் சேர்ந்த காலத்தில் இந்தக் கடுமை தேவைப்பட்டது. ரயில் வந்து பயணிகள் பெருகியபின் விடுதிக்காரர்கள் முறையிட, 1863-ல் நாடாளுமன்றம் இந்தப் பொறுப்புக்கு 30 பவுன் என உச்சவரம்பு வைத்தது.

இந்தியா வேறு வழியில் போனது. 1867-ன் சராய்ச் சட்டம் பதிவு, துப்புரவு, காவலாள் ஆகியவற்றைக் கேட்டதே தவிர இழப்பீட்டைப் பேசவில்லை. அந்த இடத்தை நிரப்பியது 1872-ன் ஒப்பந்தச் சட்டம். பிறர் பொருளை ஒப்படைப்பாக வாங்கியவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே சூழ்நிலையில் தன் சொந்தப் பொருளுக்குக் காட்டும் கவனத்தைக் காட்டினால் போதும் என்கிறது அதன் 151-ஆம் பிரிவு. ஆங்கிலேயரின் கடும் விதி இங்கே செல்லாது, இந்தப் பிரிவே அளவுகோல் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 1899-லும் 1922-லும் தீர்மானித்தது. ஜான் அண்ட் சன் எதிர் கேமரன் என்ற 1922 வழக்கில், விருந்தினர் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தபோது அறையிலிருந்து பொருள்கள் திருடு போயின. அறை பத்திரமாக இல்லை என்பது விடுதிக்காரருக்குத் தெரிந்திருந்தது. அளவுகோல் தளர்ந்திருந்தும் அவர் தப்பவில்லை. தாழ்ப்பாள் சரியில்லாத அறையை வாடகைக்கு விடுகிற எவரும் இந்த வழக்கைப் படித்து வைத்துக்கொள்ளலாம்.

பொருளுக்கு இப்படி. உயிருக்கும் உடலுக்கும் நேரும் தீங்கு நீதிமன்றக் கவனத்துக்கு வர மேலும் அரை நூற்றாண்டு ஆனது. 1972-ல் டெல்லியின் ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றின் நீச்சல் குளத்தில் குதித்த ஜெர்மன் விமானி தலையில் அடிபட்டு முடங்கிப்போனார். 1997-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 50 லட்சம் ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தார். கட்டணம் உயர உயர கவனத்தின் தரமும் உயர வேண்டும் என்பது அவர் கருத்து. அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டில் நிலைக்கவில்லை. கருத்து மட்டும் பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டது. இதற்கிடையே 1986 ஜனவரியில் டெல்லி சித்தார்த் கான்டினென்டல் ஹோட்டல் தீயில் 37 பேர் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தங்குமிடத்தையும் உணவையும் 'சேவை' என்ற வரையறைக்குள் பெயர் சொல்லியே சேர்த்தது.

1991-ன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தைக் கேள்விப்பட்டதும் ஹோட்டல்களுக்கும் காப்பீடு கட்டாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது போபால் விஷவாயு விபத்தின் பிள்ளை. அபாயகரமான பொருள்களைக் கையாளும் நிறுவனங்களுக்கானது. ஹோட்டல் எடுப்பது விருப்பப் பாலிசி, 'தொழிற்சாலை அல்லாத இடங்கள்' என்ற வகையில். ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஓராண்டுக்கு மொத்தம் இவ்வளவு என இரண்டு வரம்புகள் அதில் இருக்கும். நீச்சல் குளம், லிஃப்ட், பரிமாறும் உணவு போன்றவற்றைக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். விலக்குகள்தான் கவனிக்க வேண்டியவை. வேண்டுமென்றே சட்டவிதியை மீறியதால் வரும் பொறுப்பும், காப்பீடு எடுத்தவரின் காவலில் இருக்கும் பிறர் சொத்துக்கு நேரும் சேதமும் பொதுவாக வெளியே நிற்கும்.

இந்த இரண்டாவது விலக்கு எங்கே கடிக்கும் என்பதை 2019 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு காட்டுகிறது. 1998-ல் டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலுக்கு வந்த ஒருவர் தன் மாருதி ஜென் காரின் சாவியை வாலே பார்க்கிங்கில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கார் திருடுபோனது. உரிமையாளருக்குப் பணம் கொடுத்த யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம், அவர் இடத்தில் நின்று ஹோட்டல் மீது வழக்காடியது. 'உரிமையாளர் பொறுப்பில்' என்று டோக்கனில் அச்சிட்டிருந்ததை ஹோட்டல் காட்டியது. தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை ஒரு சீட்டில் எழுதித் தள்ளிவிட முடியாது என்றது நீதிமன்றம். வண்டி ஒப்படைக்கப்பட்டதும் திரும்ப வரவில்லை என்பதும் தெரிந்தால், தன் தவறு இல்லை என நிரூபிக்கும் சுமை ஹோட்டலுடையது. 1584-ன் கடுமை முழுதாகத் திரும்பவில்லை; ஆனால் நிரூபிக்கும் சுமை பக்கம் மாறிவிட்டது. இந்தச் சுமையோடு வரும் இழப்பீட்டைத் தன் பாலிசி ஏற்குமா என்று விடுதிக்காரர் கேட்டுப் பார்த்தால், பதில் பெரும்பாலும் மேற்சொன்ன விலக்கில் போய் முட்டும்.

மலைக்கு வருவோம். செம்மேட்டு விடுதியில் லிஃப்ட் பற்றியோ நீச்சல் குளம் பற்றியோ கவலைப்படத் தேவை இருக்காது. இங்கே ஆபத்து அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளிலும், மழைநாளில் திடீரென்று ஏறும் வெள்ளத்திலும், இரவில் வளைவு ஏறிவரும் வாடகை வேனிலும் இருக்கிறது. இவை விடுதியின் வேலிக்கு வெளியே இருப்பவை. படி தன்னுடையதல்ல என்று விடுதிக்காரர் சொல்லலாம். அந்த வாதம் எதுவரை நிற்கும்? விடுதியே வழிகாட்டியை அனுப்பினால், அருவிப் பயணத்தை அறை வாடகையோடு சேர்த்து விற்றால், அது விடுதியின் சேவையாகிறது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்ட்டில் தங்கிய பெண் யானை தாக்கி இறந்தபோது, அந்த ரிசார்ட்டுக்கு அனுமதி உண்டா என்ற கேள்வி உடனே எழுந்தது. அனுமதி இல்லாத இடத்துக்குப் பாலிசி இருந்தாலும், மேலே சொன்ன முதல் விலக்கு அங்கே காத்திருக்கும்.

'அதே சூழ்நிலையில்' என்று 1872-ல் எழுதப்பட்டது பொருள்களைப் பற்றித்தான். ஆனாலும் அந்த அளவுகோலை மலைக்குப் பொருத்திப் பார்ப்பது தவறாகாது. மழை பெய்த மறுநாள் அருவிக்குப் போகாதீர்கள் என்று உள்ளூர் மலையாளிப் பழங்குடி மக்கள் தம் பிள்ளைகளிடம் சொல்வதை, விருந்தினரிடமும் சொல்லியாக வேண்டும். சொன்னதற்குச் சாட்சியாகப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தும் வேண்டும்.

காரணம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டத்தின்படி விருந்தினர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். எந்த நுகர்வோர் ஆணையம் என்பதை அவர் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை. கொடுத்த வாடகைதான் தீர்மானிக்கிறது. ஓர் இரவுக்கு 1500 ரூபாய் கொடுத்தவர் பல லட்சம் கேட்டுச் சென்னையில் மனு போட்டால், விடுதிக்காரர் அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு 70 வளைவும் இறங்கி அங்கே போய்த்தான் பதில் சொல்ல வேண்டும்.